கயத்தாறு தாண்டி முப்பத்தொரு கரகரப்பு

1998 நவம்பர் 12, வியாழக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மூன்று நாளாக விட்டுவிட்டுப் பெய்த மழை அப்போது தூறலாக இறங்கியிருந்தது. காற்று இல்லை. கோவில்பட்டியில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து காரை எடுத்தேன். பின் இருக்கையில், இடது ஜன்னல் ஓரம் தலையணை வைத்துச் சாய்ந்து என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வெகு காலமாக இளைப்பு உண்டு. ஒரு வாரமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். திருநெல்வேலியில் நெஞ்சு மருத்துவர் ஒருவரிடம் ஒன்பது மணிக்கு நேரம் வாங்கியிருந்தோம். அவசரம் என்று இருவருமே நினைக்கவில்லை. மத்தியானத்துக்கு அவள் எலுமிச்சம்பழச் சோறு கட்டிக் கூடையில் வைத்திருந்தாள்.

காரில் ஒரு கேசட் செட் இருந்தது. பின் கண்ணாடிக்கு அடியிலுள்ள பலகையில் இடதும் வலதுமாக இரண்டு ஸ்பீக்கர்கள். இடது ஸ்பீக்கர் சரியாக அவள் தலைக்குப் பின்னால் வரும். நாகஸ்வரக் கேசட் ஒன்றைப் போட்டேன். அது அவளுக்குப் பிடித்தது.

ஆறே முக்காலுக்குக் கயத்தாறு வந்தோம். லாரிகள் நிற்கும் இடத்தில் வண்டியை மெதுவாக்கி, "ஒரு டீ சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாங்க, போயிருவோம்" என்றாள்.

கயத்தாறு தாண்டி இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். பின்னால் இடது பக்கமிருந்து 'கர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது. நாகஸ்வரத்தின் ஊடே, காய்ந்த ஓலையை இழுத்தது போல. சற்று விட்டு இன்னொன்று. சாலையில் பள்ளம் இருந்தால் வருகிறதா என்று கவனித்தேன். பள்ளத்திலும் வந்தது, இல்லாத இடத்திலும் வந்தது. "ஸ்பீக்கர் போச்சு பாரு" என்று சத்தமாகச் சொன்னேன். பதில் இல்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். உள்கண்ணாடியில் தலையணையின் ஓரம் மட்டும் தெரிந்தது. பாட்டை நிறுத்தினால் திடீர் அமைதியில் விழித்துக்கொள்வாள் என்று அதில் கை வைக்கவில்லை.

அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டே ஓட்டினேன். நான் படியேறினால் படியை எண்ணுகிறவன். தீப்பெட்டி ஆலை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் பண்டலையும் பன்னிரண்டு டஜன் கொண்ட குரோஸையும் எண்ணியவனுக்கு வேறு வழி வராது. கங்கைகொண்டான் ஊர்ப்பலகை வருவதற்குள் முப்பத்தொன்று. அதற்கு அப்புறம் சத்தம் நின்றுவிட்டது. வயர் தானாகவே சேர்ந்துகொண்டது போலிருக்கிறது, செலவு மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தோடு இன்னும் அரை மணி நேரம் ஓட்டினேன்.

ஏழரை மணிக்கு மருத்துவமனை வாசலில் கதவைத் திறந்தபோது தலையணைதான் முதலில் விழுந்தது. உள்ளே இருந்து வந்த டாக்டர் பெண் என் மனைவியின் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "அரை மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கும் ஐயா. வழியில சத்தம் எதுவும் கேக்கலியா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மகன் என்னைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போய்விட்டான். கார் ஷெட்டில் கிடந்தது. தை பிறந்துதான் ஊர் திரும்பினேன். வந்த மறுநாள் காலையில் காரில் உட்கார்ந்து அதே கேசட்டைப் போட்டேன். இடது ஸ்பீக்கர் சுத்தமாகப் பாடியது. மறுநாளும் அப்படியே. கயத்தாறு வரை ஓட்டிப் பார்த்தேன், கங்கைகொண்டான் வரை ஓட்டிப் பார்த்தேன். ஒரு 'கர்ர்' கூட இல்லை.

அவளுடைய இளைப்பை நான் முப்பது வருடம் பக்கத்தில் படுத்துக் கேட்டவன். அது விசில் போல மெல்லியதாக வரும். அன்று கேட்டது அது இல்லை. அதனால் அது ஸ்பீக்கர்தான் என்று காலையில் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஸ்பீக்கர் நன்றாகத்தானே பாடுகிறது, அப்புறம் அது யாருடைய சத்தம் என்று சாயங்காலம் கேட்டுக்கொள்வேன். கயத்தாறில் ஆஸ்பத்திரி இருந்தது. நிறுத்தி, திரும்பி, ஐந்து நிமிடத்தில் போயிருக்கலாம். முப்பத்தொரு தடவை எனக்கு நேரம் கொடுக்கப்பட்டதா, அல்லது ஒரு பழைய ஸ்பீக்கர் வெறுமனே கரகரத்ததா? இதற்கு விடை காரின் பின்பலகையில் இருந்த அந்த ஸ்பீக்கரில்தான் இருந்தது. தை முதல் ஆனி வரை அந்தக் கேசட்டை நூற்று அறுபத்து மூன்று தடவை போட்டுக் கேட்டேன். ஸ்பீக்கர் கெட்டிருக்க வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டவன் எங்கள் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஜூலையில் எட்டயபுரம் ரோட்டிலிருந்த கார் ஆடியோ கடைக்குப் போனேன். கடைக்காரர் நாற்பது வயது முஸ்லிம். மெலிந்த மனிதர். காதில் எப்போதும் ஒரு டெஸ்டரைப் பென்சில் போலச் செருகியிருப்பார். முன்னால் ஒரு லாரி டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்தார்.

"என்ன கம்ப்ளெய்ன்ட்டு அண்ணாச்சி?"

"இடது ஸ்பீக்கர்ல கர்ருனு சத்தம் வருது பாய்."

அவர் செட்டைப் போட்டார். ஒலியை முழுதும் இடப்பக்கம் தள்ளிக் கேட்டார். "ஒண்ணும் வரலியே?"

"வந்துது."

"எப்ப வந்துது?"

"நவம்பர் பன்னெண்டு."

அவர் காதிலிருந்த டெஸ்டரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "இப்ப ஜூலை நடக்கு. எட்டு மாசத்துக்கு முன்ன கேட்ட சத்தத்துக்கு இப்ப வாரீங்களா?"

லாரி டிரைவர் சிரித்துவிட்டார். "பெரியவருக்குக் காதுல வயர் அந்துட்டு பாய். அதச் சரிபண்ணி விடும்."

"உம்ம ஹாரன் சத்தத்துல ஊருக்கே காது அந்துட்டு. நீரு பேசாம இரும்" என்றார் பாய்.

என்றாலும் அவர் வேலையில் குறை வைக்கவில்லை. செட்டின் பின்னால் இடது வலது வயர்களை மாற்றிச் செருகினார். செட்டில் பழுது இருந்தால் சத்தம் இப்போது வலப்பக்கம் போகும் என்று விளக்கினார். போகவில்லை. கதவடி ஓரமாக வரும் வயரை அங்குலம் அங்குலமாக ஆட்டிப் பார்த்தார். எங்கேயாவது தோல் உரிந்து வண்டியின் இரும்பைத் தொட்டால் கரகரக்குமாம். உரியவில்லை. இரண்டு ஸ்பீக்கரையும் கழற்றி மீட்டரை வைத்தார். இரண்டும் ஒரே அளவு, மூன்று புள்ளி எட்டு ஓம். ஒரு சின்ன பேட்டரியை இடது ஸ்பீக்கரின் முனைகளில் தொட்டு எடுத்தார். 'டப்' என்று நல்ல சத்தம். காகிதக் கூம்பின் நடுவில் இரண்டு விரலை வைத்து மெதுவாக அமுக்கி, உள்ளே சுருள் எங்கும் உரசவில்லை என்பதையும் பார்த்துவிட்டார்.

ஒவ்வொரு சோதனை முடிந்ததும், "நல்லாருக்கு" என்பார். நான் அதைக் கேட்கும்போதெல்லாம் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து தடவை சொன்னார்.

"ஸ்பீக்கர் நல்லாருக்கு, செட்டு நல்லாருக்கு, வயரும் நல்லாருக்கு. காசு ஒண்ணும் வேண்டாம். சந்தோசமாப் போயிட்டு வாங்க."

"இன்னொரு வாட்டி நல்லாப் பாரும் பாய்."

"நல்லாருக்குன்னு சொன்னா சந்தோசப்படுதவியளத்தான் பாத்திருக்கேன். நீங்க என்ன அண்ணாச்சி, எளவு விழுந்தாப்பல நிக்கீங்க?"

அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, தொங்கிய பல்பை இழுத்து ஸ்பீக்கரின் முதுகுப் பக்கம் பிடித்தார். கூம்பின் பின்புறம், முனையிலிருந்து வரும் மெல்லிய சடை வயர் காகிதத்தில் நுழையும் இடத்தை மூடி, நீலக் காகிதத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது.

"இது யாரு பாத்த வேல?"

"நாந்தான்."

அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வெட்கத்தில் சொல்லாமல் விட்டிருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் கரப்பான் பூச்சி கூம்பைக் கடித்து ஓட்டை போட்டிருந்தது. புதுசு வாங்க மனம் வராமல், ஆலையிலிருந்து தீப்பெட்டிக் காகிதமும் ஒரு டப்பா பசையும் கொண்டுவந்து ஒட்டினேன். எங்கள் ஊரில் கிழிந்த புத்தகம், உடைந்த சாமி படம் எல்லாவற்றையும் அந்தப் பசையால்தான் ஒட்டுவோம்.

பாய் நகத்தால் சுரண்டி முகர்ந்தார். "ஆலைப் பசையா? மயில்துத்தம் போட்டதா?"

"ஆமா. பூச்சி வராம இருக்கட்டும்னு."

"நல்லாருக்கு போங்க. பூச்சி வராது. துத்தம் செம்பத் தின்னும்லா?" சடை வயரின் அடியைக் காட்டினார். பச்சை பூத்திருந்தது. "இருவது இழையில நாலஞ்சுதான் மிச்சம். வெயில்ல காஞ்சு கெடந்தா இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு நல்லாப் பாடும். மழ ஈரத்தக் குடிச்சுப் பச ஊறிச்சின்னா விட்டுவிட்டுப் பிடிக்கும். அப்பக் கரகரக்கலாம்."

"கரகரக்குமா, கரகரக்கலாமா?"

"அது எப்படி அண்ணாச்சி அடிச்சுச் சொல்ல? சரி, ஒரு ஜோடி புதுசு போட்டுருவோம். அறுநூறு ரூவா ஆவும்."

"மாத்தக் கூடாது."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

அன்றுதான் முதன்முதலாக ஒருவரிடம் சொன்னேன். மகனுக்கும் தெரியாது. கயத்தாறு, தலையணை, முப்பத்தொன்று, கங்கைகொண்டானில் நான் பட்ட சந்தோஷம், டாக்டர் பெண்ணிடம் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். லாரி டிரைவர் எழுந்து தெருவுக்குப் போய் நின்றுகொண்டார். பாய் அந்த நீலக் காகிதத்தைப் பல்புக்கு அருகே பிடித்துப் பார்த்தார்.

"தண்ணி தெளிச்சுப் பாப்பமா?" என்று கேட்டுவிட்டு அவரே வேண்டாம் என்று தலையாட்டினார். "தண்ணிய ஊத்தினா எந்த ஸ்பீக்கரும் கத்தத்தான் செய்யும். அது சாட்சி ஆவாது. மழ வரட்டும் அண்ணாச்சி. அதே மாதிரி நாளு, அதே ரோடு. நானும் வாரேன்."

ஸ்பீக்கரை இருந்தபடியே மறுபடி பூட்டிக் கொடுத்தார்.

கரிசல் காட்டில் மழைக்குக் காத்திருப்பது புதிய விஷயம் இல்லை. ஆடி போனது, ஆவணி போனது. தரையில் வெடிப்புகள் என் கை நுழையும் அகலத்துக்கு வந்தன. ஐப்பசியும் எங்கள் பக்கம் ஏமாற்றியது. டீக்கடை வாசலில் நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதைப் பசுவந்தனையிலிருந்து விதை வாங்க வந்த சம்சாரி ஒருவர் இரண்டு மூன்று நாள் கவனித்திருக்கிறார்.

"உங்களுக்கு எத்தன ஏக்கரு அண்ணாச்சி? பருத்தியா, உளுந்தா?"

"ஒரு சென்டு கூடக் கெடையாது."

"பெறகு எதுக்கு வானத்த இப்படிப் பாக்கீங்க? நாங்கதான் விதைய மண்ணுல போட்டுட்டு முழிக்கோம்."

அவர் பயிருக்கு வேண்டிய மழையை நான் ஒரு துண்டு காகிதத்துக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில், 1999 நவம்பர் கடைசி வாரம், வானம் மூடம் போட்டது. இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாளான வெள்ளிக்கிழமை, 26ஆம் தேதி, விடிந்தபோது தூறல். காற்று இல்லை. பாயின் வீட்டுக் கதவைத் தட்டினேன். "ஜும்மா தொழுகைக்குத் திரும்பிரணும்" என்று சொல்லிக்கொண்டே தலையில் துண்டைக் கட்டி வந்தார். ஆறு பத்துக்கு என் வீட்டு வாசலிலிருந்து கிளம்பினோம். அவரைப் பின் இருக்கையில் இடது ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். அந்தத் தலையணையையும் கொடுத்தேன். வாங்கத் தயங்கினார், பிறகு வாங்கிச் சாய்ந்துகொண்டார்.

"எண்ண வேண்டாம் பாய். நான் எண்ணுதேன். பேசவும் வேண்டாம்."

"சரி அண்ணாச்சி."

நாலாட்டின்புதூர் போனது. நாகஸ்வரம் சுத்தமாக இருந்தது. கயத்தாறில் வண்டியை மெதுவாக்கினேன். டீயைப் பற்றி இந்தத் தடவை யாரையும் கேட்கவில்லை. ஊரைத் தாண்டினோம். முதல் கிலோமீட்டரில் ஒன்றும் இல்லை. மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு சின்னப் பாலத்தில் ஏறி இறங்கியபோது வந்தது. 'கர்ர்.' அதே சத்தம். அதே ஓலை இழுப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்று என்றேன், வாய்க்குள். பிறகு இரண்டு. பிறகு வெகு நேரம் இல்லை. பிறகு மூன்று, நான்கு, ஐந்து. பள்ளத்தில் வந்தது, பள்ளம் இல்லாத இடத்திலும் வந்தது. பதினைந்து தாண்டியபோது, இவ்வளவு நாளும் நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ இரண்டு கையாலும் பிடித்துத் தூக்குவது போலிருந்தது. இருபத்திரண்டு. இருபத்தைந்து. கங்கைகொண்டான் ஊர்ப்பலகை தெரிந்தபோது இருபத்தேழு.

பலகைக்கு இந்தப் பக்கமே ஓரம்கட்டி இஞ்சினை அணைத்தேன். அன்று சத்தம் நின்ற இடம் அது. அதற்கு மேல் ஓட்டிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

எதிரே ஒரு டீக்கடை. இரண்டு டீ சொன்னேன். பாய் தொண்டையைச் செருமிக்கொண்டே இறங்கி வந்தார்.

"கேட்டீங்கள்லா அண்ணாச்சி? ஸ்பீக்கர்தான். சந்தேகமே வேண்டாம். இனிமேப்பட்டு நிம்மதியாத் தூங்குங்க."

"இருவத்தேழுதான் பாய். நாலு கொறையுது."

"கொறைஞ்சா என்ன? எண்ணி வச்சாப்பலயா வரும்? அன்னைக்கு ஈரம் கூட இருந்திருக்கும்."

"அன்னைக்கு மூணாவது நாள் மழ. இன்னைக்கும் மூணாவது நாள். அதே நேரம், அதே வேகம். நாலு எங்க போச்சு? இன்னொரு தரம் கயத்தாறு போயிட்டுத் திரும்புவமா?"

பாய் கண்ணாடி டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "ஏ அல்லா" என்றார். "உங்களோட முடியல அண்ணாச்சி. முப்பத்தொண்ணு வரைக்கும் கொண்டு போயிரலாம்னுதான் பாத்தேன். தொண்ட வறண்டுட்டு."

எனக்குப் புரியவில்லை.

"பாதி ரோட்டுக்குப் பெறவு அது அடங்கிட்டு. பத்துப் பதினஞ்சோட நின்னா நீங்க நொந்து போயிருவீங்கன்னு நடுநடுவுல நானும் தொண்டையில கர்ருனு போட்டு விட்டேன். தப்பா நினைக்காதீங்க."

"எத்தன?"

"நான் என்னத்த எண்ணுனேன்? ஏழோ, எட்டோ. பத்தும் இருக்கும்."

"எது எது உம்மோடது?"

"ஏன், உங்களுக்குத் தெரியலியா?"

கேட்டுவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். "அண்ணாச்சி, நான் நல்லதுக்குத்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இன்றும் இல்லை. ஒரு மழைநாளில் வேலையை விட்டுவிட்டு எனக்காகத் தொண்டை வறள உட்கார்ந்து வந்தவர் அவர்.

ஆனால் அவர் கேட்டதற்கு விடை, தெரியவில்லை என்பதுதான். காதைத் தீட்டிக்கொண்டு, எண்ணுவதற்கென்றே ஓட்டியவன் நான். பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்று தெரியும். அந்த இருபத்தேழில் எது ஈரம் ஏறிய காகிதம், எது உயிருள்ள மனிதனின் தொண்டை என்று ஒன்றைக்கூட என்னால் பிரிக்க முடியவில்லை. முப்பத்தொன்றிலும் ஸ்பீக்கர் பாதி இருந்திருக்கலாம், அவள் பாதி இருந்திருக்கலாம். முழுதும் ஸ்பீக்கராக இருந்திருக்கலாம். முழுதும் அவளாக இருந்திருக்கலாம். இனி எந்த மழையில் எத்தனை தடவை ஓட்டினாலும் இதற்கு மேல் ஒன்றும் தெரியப் போவதில்லை.

திரும்பும்போது பாய் முன் இருக்கையில் உட்கார்ந்தார். கேசட் போடவில்லை. ஜும்மாவுக்கு நான்கு மணி நேரம் முன்னாலேயே அவரை வீட்டில் இறக்கிவிட்டேன்.

திங்கட்கிழமை கடைக்குப் போய் இரண்டு ஸ்பீக்கரையும் கழற்றச் சொன்னேன்.

"வலது நல்லாத்தான இருக்கு? அதை விட்டுருவமா?"

"ரெண்டையும் எடுத்துரும்."

எடுத்துவிட்டு, இரண்டு ஓட்டைகளையும் ஒட்டுப்பலகையால் அடைத்து, மேலே கறுப்புத் துணி ஒட்டிக் கொடுத்தார். இந்தத் தடவை நல்ல பசை. கூலி வேண்டாம் என்றார். நான் பெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன். இப்போது வண்டியின் பின்பக்கம் சத்தம் போடக்கூடிய பொருள் எதுவும் இல்லை. என்றாலும் தூறலில் அந்தச் சாலையில் போக நேர்ந்தால் கழுத்தைத் திருப்பிப் பின்னிருக்கையைப் பார்த்துவிடுகிறேன். போன தடவை கயத்தாறிலிருந்து கங்கைகொண்டான் வரை பதினான்கு முறை பார்த்தேன்.

பெட்ரோல், இரண்டு டீ, பாய் செய்த சோதனையை வீட்டில் நானும் செய்து பார்க்க வாங்கிய ஒரு பேட்டரி, ஒட்டுப்பலகை, துணி, கழற்றுக் கூலி என்று மொத்தம் எனக்கு ஆன செலவு முந்நூற்று எண்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு.